பேர் கொடுக்காத சனிக்கிழமை

மதினி,

உங்கள் கம்பளி வாசல் இஸ்தோப்புக் கொடியில் காய்ந்துகொண்டிருக்கிறது. காய்கிறது என்பது ஒரு பேச்சுக்குத்தான். தலவாக்கலையில் இந்த மாதத்தில் எது காய்ந்திருக்கிறது? காலையில் கோயிலுக்குப் போய்வந்தபோது நனைந்தது, மத்தியானமாகியும் சொட்டிக்கொண்டே இருக்கிறது. நனைந்த கம்பளிக்கு ஒரு வாசம் உண்டே, ஆட்டு மயிரும் அடுப்புப் புகையும் கலந்த வாசம். அதோடு நீங்கள் தலைக்கு வைக்கும் தேங்காயெண்ணெயும் இன்னும் இருக்கிறது. வீடு முழுக்க நிறைந்துவிட்டது. சாப்பிட உட்கார்ந்த அண்ணன் இரண்டு வாய் வைத்துவிட்டு, "எஸ்தரு, அத கொஞ்சம் தள்ளிப் போடேன்" என்றார். நான் எழுந்ததும், "இல்ல, கெடக்கட்டும்" என்கிறார். உங்கள் வீட்டுக்காரர் எந்தக் காலத்தில் ஒரு முடிவில் நின்றிருக்கிறார்?

நீங்கள் போன பிறகு அந்தக் கம்பளியை மடித்துப் பெட்டியில் வைத்தது நான்தான். அதற்கப்புறம் அதைத் தொடவில்லை. மழையில் நனைந்தாலும் பரவாயில்லை என்று சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கொழுந்தெடுக்க மலைக்குப் போனேன். இன்று காலைதான் எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று சொல்வதற்கு நேற்றுச் சாயங்காலம் நம் சபை உபதேசியார் வந்ததைச் சொல்லவேண்டும். அதற்கும் முன்னால், உங்களுக்கும் எனக்கும் சண்டை என்று இந்தத் தோட்டமே முடிவு கட்டிய அந்த வருஷத்துக் கதையைச் சொல்லவேண்டும். உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நான் பேச ஆரம்பித்தாலே "சரி சரி, அடுப்பப் பாரு" என்று எழுந்து போய்விடுவீர்கள். இன்றைக்கு அப்படிப் போக முடியாது, உட்கார்ந்து கேளுங்கள்.

நேற்று உபதேசியார் குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, வழக்கம்போல வாசலிலேயே நின்று கேட்டார். "நாளைக்குப் போதகர் ஐயா வர்றாரு. திருவிருந்து. ரெண்டு பேரும் உண்டுதானே?" அண்ணன் தலையை ஆட்டினார். நான், "இந்தத் தடவ என் பேரு வேணாங்க" என்றேன். "யாரோடம்மா மனஸ்தாபம்?" என்று பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டார். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவருக்கும் ஞாபகம் வந்துவிட்டது, எனக்கும் வந்துவிட்டது. இரண்டு பேரும் சிரித்தோம்.

நீங்கள் போன நாளிலிருந்து எனக்கு இப்படி ஆயிற்று என்று நான் சொல்லமாட்டேன். அழுத நாட்களில் ஆண்டவர் கூடவே இருந்தார். அது எனக்கு நிச்சயம். அழுகை நின்று, வேலைக்குப் போய், வாய்க்கு ருசியாகச் சாப்பிடவும் தொடங்கிய பிறகுதான், ஒருநாள் ஜெபிக்க முழங்கால் போட்டபோது அங்கே யாரும் இல்லை. மறுநாளும் இல்லை. இன்றுவரை இல்லை. இதை யாரிடம் சொல்வது? சொன்னால் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் நீங்கள். நீங்களோ மேட்டுக் கல்லறையில் படுத்திருக்கிறீர்கள்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். வட்டகொடை எங்களுக்கு அடுத்த ஸ்டேஷன். அதற்குப் போய்ப் பெண்வீட்டார் கூட்டமாக ரயிலேறி வந்து இறங்கினார்கள் என்று எங்கள் லயத்து வரிசைவீடுகளில் வெகுநாள் சொல்லிச் சிரித்தோம். நீங்களும் எங்களோடு சேர்ந்து சிரித்தீர்கள். அப்போதே எனக்கு உங்களைப் பிடித்துப்போயிற்று. அந்தக் காலத்தில்தான் நாம் இந்த நாட்டு ஆட்களே இல்லை, ஓட்டும் இல்லை என்று ஆனது. ஆண்கள் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் அதைப் பற்றியே பேசிக்கொண்டு நிற்பார்கள். நீங்கள் அரிசி களைந்துகொண்டே, "நாம இங்கதான் இருக்கோம்னு ஆண்டவருக்குத் தெரியும்ல, அது போதும் இப்போதைக்கு" என்பீர்கள். அவ்வளவு நிச்சயமாகச் சொன்ன வாய் அது.

அடுத்த சில வருஷத்தில் நான் திரும்பி வந்தேன். நானுஓயாப் பக்கம் கட்டிக்கொடுத்த இடம் எனக்கு ஒத்துவரவில்லை. மூட்டையோடு வாசலில் நின்றபோது அண்ணன் கூரைத் தகரத்தைப் பார்த்தார். நீங்கள் மூட்டையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, "காலக் கழுவிட்டு வா புள்ள, தேத்தண்ணி கொதிக்குது" என்றீர்கள். ஏன் வந்தாய், எத்தனை நாளைக்கு என்று அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. திரும்பி வந்த நாத்தனாரும் வீட்டு மருமகளும் ஒற்றை அறைக் காம்பராவில், ஒரே அடுப்பில் இருந்தால் சண்டை வராமல் இருக்காது என்பது லயத்துக்காரர்களின் முடிவு. எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தார்கள். நமக்குள் வரவேயில்லை. விடியற்காலையில் நான் தேத்தண்ணி ஊற்றித் தருவேன், நீங்கள் வாங்கிக் குடிப்பீர்கள், இரண்டு பேரும் கூடையைத் தூக்கிக்கொண்டு பெரட்டுக்குப் போவோம்.

ஜெபம் என்றால் இந்தத் தோட்டத்தில் நீங்கள்தான். நம் சபையில் இருந்ததே ஒரு கைப்பிடிக் குடும்பம். ஆனால் உங்களிடம் வந்தவர்களில் பாதிப்பேர் சாமி கும்பிடுகிற ஆட்கள். நெற்றி நிறைய விபூதியோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கோடாங்கியிடம் குறி கேட்டு, மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் முடிந்துவைத்துவிட்டு, மூன்றாவதாக நம் வீடு. "எதுக்கும் ஒங்க சாமிகிட்டயும் ஒரு வார்த்த சொல்லி வைங்கக்கா" என்பார்கள். விபூதியை நீங்கள் துடைக்கமாட்டீர்கள். உபதேசியாருக்கு அதில் கொஞ்சம் வருத்தம். நீங்கள் அந்தத் தலைமேல் கையை வைத்து, பக்கத்து வீட்டில் கொஞ்சம் உப்புக் கேட்பதுபோலக் கேட்பீர்கள். சத்தமில்லை, கண்ணீரில்லை. கொடுப்பார்கள் என்று தெரிந்த வீட்டில் கேட்கிற மாதிரி இருக்கும். அதைக் கேட்டுக்கொண்டிருப்பதற்காகவே நான் வேலையை விட்டுவிட்டுக் கதவோரம் நிற்பேன்.

பிறகுதான் அந்தச் சனிக்கிழமை வந்தது.

நம் சபை வழக்கம் வெளி ஆட்களுக்கு விளங்காது. போதகர் எப்போதாவதுதான் வருவார். வருகிற ஞாயிற்றுக்கு முந்தின நாள் உபதேசியார் லயம் லயமாகப் போய்த் திருவிருந்துக்குப் பேர் கேட்பார். சகோதரனோடு மனஸ்தாபத்தை வைத்துக்கொண்டு அப்பத்தைத் தொடக்கூடாது. ஆகவே யாராவது பேர் கொடுக்கவில்லை என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான், அவருக்கு யாரோடோ சண்டை. உடனே பெரியவர்கள் கிளம்பி வந்து சேர்த்துவைப்பார்கள். சண்டைபோட்ட இரண்டு பேரும் எல்லோர் முன்னாலும் ஒருவர் கையால் ஒருவர் தேத்தண்ணி வாங்கிக் குடிக்கவேண்டும். குடித்துவிட்டால் சமாதானம். பேர் சேர்ந்துவிடும்.

நீங்கள் அன்றைக்கு, "இந்தத் தடவ எனக்கு வேணாங்க" என்றீர்கள். உபதேசியார் உங்களைப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், கண்ணில் தண்ணீர் வேறு. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

இருட்டுவதற்குள் ஞானம்மா நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பெண்கள் சங்கத்துக்குத் தலைவி, வராமல் இருப்பாரா? பாய் விரித்தாயிற்று. உபதேசியார் ஜெபித்தார். ஞானம்மா எனக்குப் புத்தி சொன்னார். உங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு மட்டும். "அண்ணன் பொண்டாட்டி தாய் மாதிரி. ஒதுங்க எடம் குடுத்தவங்கள மனசு நோக வைக்கலாமா?" நான் என்ன செய்தேன் என்று கேட்டால், "அத நீதானம்மா சொல்லணும்" என்கிறார். கடைசியில் தேத்தண்ணி ஊற்றச் சொன்னார்கள். தினமும் காலையில் எந்தக் குவளையில் ஊற்றிக் கொடுக்கிறேனோ அதே குவளையில், அதே தூள் தேத்தண்ணியை, இத்தனை பேர் முன்னால் உங்களிடம் நீட்டினேன். நீங்கள் வாங்கினீர்கள். உங்கள் உதடு துடித்தது. எல்லோரும் நீங்கள் அழப்போகிறீர்கள் என்று நினைத்தார்கள். எனக்குத் தெரியும், நீங்கள் சிரிப்பை அடக்கினீர்கள். நானும் கீழே குனிந்துகொண்டேன். "பாருங்க, மனசு எளகிருச்சு" என்றார் ஞானம்மா.

ஆனால் எல்லோரும் எழுந்தபோது உபதேசியார், "அப்ப பேரச் சேத்துக்கவா?" என்று கேட்டார். நீங்கள், "இல்லீங்க" என்றீர்கள்.

வந்தவர்கள் முகத்தை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அத்தனை பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். தேத்தண்ணியை நான் முழு மனசோடு கொடுக்கவில்லை, அதனால்தான் சமாதானம் ஒட்டவில்லை என்று பேசிக்கொண்டே படியிறங்கிப் போனார்கள்.

அவர்கள் போனதும் பீலியடிக்கு நான் உங்களை இழுத்துக்கொண்டு போனேன். தண்ணீர் விழுகிற சத்தத்தில் லயத்துக்குக் கேட்காது. "என்னதான் ஆச்சு ஒங்களுக்கு? என்னால வாய் தொறக்க முடியல அங்க" என்றேன். குடத்தை வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னீர்கள். "எஸ்தரு, ரொம்ப நாளா ஆண்டவர் கிட்ட இல்ல." எனக்கு முதலில் புரியவில்லை. "ஜெபம் பண்றேன். செவுத்துக்கிட்ட பேசுற மாதிரி இருக்கு. முன்னெல்லாம் இப்படி இல்ல. பேசுனா கேக்குற ஆள் இருக்குன்னு தெரியும். இப்பத் தெரியல." என்ன நடந்தது, ஏதாவது பாவமா, வீட்டுக் கவலையா என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். "ஒண்ணுமே நடக்கல புள்ள. அதுதான் கஷ்டம். ஏதாச்சும் நடந்திருந்தா அதச் சரி பண்ணிக்கலாம்ல. மழ இல்லாத மாசத்துல இந்தப் பீலித் தண்ணி கொறையுற மாதிரி கொறஞ்சிருச்சு. எந்த நாள்னு சொல்லத் தெரியல." குடத்தை நேராக்கி வைத்துவிட்டு, "இத வச்சுக்கிட்டு அப்பத்த வாங்குனா அது பொய். அவருகிட்டப் பொய் சொல்ல எனக்கு மனசு வரல" என்றீர்கள்.

நான் பயந்துவிட்டேன் மதினி. உங்களிடம் ஜெபத்துக்கு வருகிற அத்தனை பேரையும் நினைத்துப் பயந்தேன். இது வெளியே தெரிந்தால் பிசாசு பிடித்ததென்பார்கள், ஒளித்துவைத்த பாவமென்பார்கள், ஒருவரும் வாசல் மிதிக்கமாட்டார்கள். ஜெபம் இல்லாமல் உங்களுக்கு இந்த மலையில் என்ன இருக்கிறது? "இத யாருகிட்டயும் சொல்லாதீங்க. சண்டன்னே இருக்கட்டும். எனக்கு ஏற்கெனவே வாயாடின்னு பேரு. இன்னொண்ணும் சேரட்டும், நான் என்ன கொறஞ்சா போயிருவேன்" என்றேன். நீங்கள் என் முகத்தையே பார்த்தீர்கள். குடம் நிறைந்ததும் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டீர்கள்.

மறுநாள் காலையில் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, ஞானம்மா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது நம் இரண்டு பேர் காதிலும் விழுந்தது. "புருசன் வீட்டுலயும் வாழல, வந்த எடத்துலயும் வாழ விடல." நான் தலை குனிந்து உள்ளே போனேன். அது மட்டும் எனக்கு எப்போதும் வலிக்கிற இடம். உங்களுக்கு அது தெரியும்.

பாட்டு முடிந்தது, பிரசங்கம் முடிந்தது. போதகர் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று, அப்பத்தை மூடியிருந்த வெள்ளைத் துணியை எடுத்தார். அப்போது நீங்கள் பாயிலிருந்து எழுந்தீர்கள். பெண்கள் பக்கத்திலிருந்து அந்தக் கோயிலில் யாரும் அப்படி எழுந்து நின்றதில்லை. கம்பளியைத் தோளில் மடித்துப் போட்டிருந்தீர்கள், இதே கம்பளிதான்.

"ஐயா, ஒரு வார்த்த சொல்லிக்கிறேங்க" என்றீர்கள். "நான் பேர் குடுக்காததுக்கு என் நாத்தனா மேல எந்தக் குத்தமும் இல்லீங்க. எங்களுக்குள்ள ஒருநாளும் சண்ட வந்தது இல்ல. என் கூடப்பொறந்தவகூட இப்படி இருந்திருக்க மாட்டா. எனக்குத்தான் ரொம்ப நாளா ஆண்டவர் தூரமா இருக்காரு. ஜெபம் பண்றேன், பதில் இருக்கிற மாதிரி தெரியல. அப்படி இருந்துக்கிட்டுக் கை நீட்டுனா பொய்யாப் போயிரும்னு இருந்தேன். வேற ஒண்ணும் இல்லீங்க. எஸ்தர யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்தீர்கள். போதகர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், நிறையப் பேசுகிற மனுஷன். அன்றைக்கு அவர் சொன்னது ஒன்றே ஒன்று. "இருங்கோ அம்மா" என்றார், நீங்கள் ஏற்கெனவே உட்கார்ந்த பிறகு. எனக்கு அழுகையும் பெருமையும் ஒன்றாக வந்தது. இந்த ஒரு விஷயம் வெளியே போனால் உங்களுக்கு எல்லாம் போய்விடும் என்று தெரிந்தும், என் பேர் கெடக்கூடாது என்பதற்காக அதை எல்லோர் முன்னாலும் எடுத்து வைத்தீர்கள். என் ஆயுசில் யாரும் எனக்காக அப்படி ஒரு காரியம் செய்ததில்லை. நான் அப்பத்தை வாங்கிக்கொண்டு திரும்பும்போது நீங்கள் காலை ஒதுக்கி எனக்கு வழிவிட்டீர்கள்.

நான் பயந்தது அப்படியே நடந்தது. வியாழக்கிழமை பெண்கள் ஜெபம் நம் காம்பராவில்தான் நடக்கும். அந்த வியாழன் பாய் விரித்துக் காத்திருந்தோம், ஒருவரும் வரவில்லை. ஞானம்மா வீட்டில் கூடினார்கள் என்று பிறகு தெரிந்தது. நீங்கள் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு இரவுச் சோற்றுக்கு அரிசி போட்டீர்கள். நான்தான் பானையை உருட்டிக்கொண்டு கத்தினேன். அடுத்த வியாழன் நீங்கள் கிளம்பினீர்கள். எங்கே என்றேன். "ஞானம்மா வீட்டுக்கு. ஜெபம் அங்கதான நடக்குது" என்றீர்கள். கூப்பிடாத வீட்டுக்குப் போய், கதவோரமாகக் கடைசியில் உட்கார்ந்து, மற்றவர்கள் ஜெபித்ததற்கெல்லாம் ஆமென் சொல்லிவிட்டு வந்தீர்கள். நானாக இருந்தால் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்கமாட்டேன்.

அந்த வாரங்களில் ஒருநாள் மேல் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தோம். பனிமூட்டம் இறங்கிவிட்டது. அடுத்த நிரையில் நிற்கிற ஆள் தெரியாது, கீழே பள்ளம் தெரியாது. அப்படிப்பட்ட நேரத்தில் நீங்கள் கீர்த்தனை பாடுவது வழக்கம். பாட்டுச் சத்தத்தை வைத்து மற்றவர்கள் நிரை பிசகாமல் வருவார்கள். அன்றைக்கு நீங்கள் பாடமாட்டீர்கள் என்று நினைத்தேன். பாடினீர்கள். உங்களோடு பேசாத பெண்கள் எல்லோரும் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வந்தார்கள். எனக்கு அடக்கமுடியவில்லை. பக்கத்தில் வந்து, "கேக்க யாரும் இல்லன்னு சொன்னீங்களே. இப்ப யாருக்குப் பாடுறீங்க?" என்று கேட்டேன். "ஏன், நீ கேக்குறியே" என்றீர்கள். கை நிற்கவில்லை, கொழுந்து கிள்ளிக்கொண்டே இருந்தது.

மாரியாயி வந்தது அதற்குப் பிறகுதான். நாலாம் லயத்து மாரியாயிக்கு நம் கோயிலில் நடந்ததெல்லாம் தெரியும், தோட்டத்துக்கே தெரியும். கைப்பிள்ளைக்குக் காய்ச்சல். பிள்ளையை உங்கள் மடியில் போட்டாள். நீங்கள் பதறிப்போனீர்கள். "மாரியாயி, ஒனக்குத் தெரியாதா? என் ஜெபம் இப்ப எங்கயும் போய்ச் சேர்ற மாதிரி இல்ல. ஞானம்மா வீட்டுக்குப் போ" என்றீர்கள். அவள் நகரவில்லை. "ஒங்க சாமி தூரமா இருந்தா இருக்கட்டும்க்கா. நீங்க கிட்ட இருக்கீங்கல்ல. சும்மா கேளுங்க" என்றாள்.

நான் கதவோரம் நின்றேன், பழையபடி. நீங்கள் பிள்ளையின் தலைமேல் கையை வைத்தீர்கள். பிறகு கேட்டீர்கள். உப்புக் கேட்கிற மாதிரி இல்லை இந்தத் தடவை. பூட்டின கதவைத் தட்டிவிட்டு, உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் நிற்கிற ஒருத்தியின் குரல். ஆனாலும் கேட்டீர்கள், "ஆண்டவரே, இந்தப் புள்ள வேணும்" என்று. பிள்ளை பிழைத்தது. மருந்துக்காரர் கொடுத்த மருந்தில் என்று நான் சொல்வேன். மாரியாயி மருந்துக்காரருக்கு ஒரு கும்பிடு, கோடாங்கிக்கு ஒரு சேவல், உங்களுக்கு ஒரு சீப்புப் பழம் என்று யாரையும் விடாமல் நன்றி செலுத்திவிட்டாள்.

அடுத்த முறை உபதேசியார் வாசலில் வந்து நின்றபோது, உங்களிடம் கேட்கத் தயங்கினார். நீங்களாகவே, "என் பேரச் சேத்துக்கங்க" என்றீர்கள். அவர் போனதும் நான் பிடித்துக்கொண்டேன். "கிட்ட வந்துட்டாரா மதினி?" "இல்ல." "பின்ன எப்படிப் பேர் குடுத்தீங்க? பொய்யாயிரும்னு சொன்னீங்க?" நீங்கள் அடுப்பை ஊதிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னதை நான் ஒரு வார்த்தையும் மாற்றாமல் வைத்திருக்கிறேன். "அந்தப் பச்சப்புள்ளைக்குக் கேட்டப்பவும் அவரு கிட்ட இருந்த மாதிரி தெரியல. ஆனா நான் பொய் சொல்லல எஸ்தரு. எனக்கு வேணும்னு இருந்துச்சு, வேணும்னு கேட்டேன். இருக்காருன்னு தெரியுதுன்னு சொன்னா அது பொய். வேணும்னு சொல்றது எப்படிப் பொய்யாகும்?"

அன்றிலிருந்து நீங்கள் ஒரு தடவைகூடப் பேர் கொடுக்காமல் இருந்ததில்லை. பெண்கள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தார்கள், ஞானம்மா கடைசியாக. அவருக்கும் ஒருநாள் உங்களிடம் தனியாகப் பேசவேண்டியிருந்தது. என்ன பேசினார் என்று நீங்கள் சொல்லவில்லை, நானும் எத்தனையோ தடவை கேட்டுப்பார்த்துவிட்டேன். போகும்போது மட்டும் ஞானம்மா என் கையால் தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் உங்கள் நெஞ்சு இழுத்துக்கொண்டிருந்த கடைசி நாட்களில், நான் ஒரு ஆசையோடு கேட்டேன். இத்தனை வருஷம் காத்திருந்தீர்களே, முடிவிலாவது ஒரு நல்ல வார்த்தை சொல்வீர்கள் என்று. "இப்பவாச்சும் கிட்ட இருக்காரா மதினி?" நீங்கள் யோசித்தீர்கள். அந்த மூச்சுமுட்டலிலும் யோசித்துத்தான் பதில் சொன்னீர்கள். "நடுவுல ஒண்ணு ரெண்டு தடவ வந்த மாதிரி இருந்துச்சு. நிச்சயமாச் சொல்ல மாட்டேன்." பிறகு, "தேத்தண்ணி இருக்கா?" என்றீர்கள். அன்றைக்கு எனக்கு ஏமாற்றமாக இருந்தது. எனக்காக ஒரு சின்னப் பொய் சொல்லியிருக்கலாமே என்று மனசுக்குள் சண்டை போட்டேன். உபதேசியாரிடம் சொல்லவேண்டிய சண்டை என்றால் நமக்குள் அது ஒன்றுதான்.

நேற்று அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, "காலையில பாட்டு தொடங்குற வரைக்கும் நேரம் இருக்கும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வேறு புத்தி ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் விஷயத்தில் அவர் கற்றுக்கொண்டது அவ்வளவு என்று நினைக்கிறேன்.

விடிந்ததும் மழை. அண்ணன் முன்னால் போய்விட்டார். நான் பெட்டியைத் திறந்தேன். கம்பளியை எடுத்தபோதே அந்த வாசம் வந்துவிட்டது. அதைத் தலையில் போட்டுக்கொண்டு ஏற்றத்தில் நடந்தேன். வழியில் மாரியாயி, பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றவள், ஒரு நிமிஷம் திகைத்துவிட்டாள். "அக்கா மாதிரியே வர்ற" என்றாள். பிறகு என்னை நிறுத்தி, "இந்தப் புள்ளைக்கு ராவெல்லாம் இருமல். ஒங்க சாமிகிட்ட ஒரு வார்த்த சொல்லு" என்றாள். எனக்கு வராது, அதெல்லாம் மதினியோடு போயிற்று என்று சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் அவளிடம் சொன்னதும், அவள் உங்களிடம் சொன்னதும் ஞாபகம் வந்தது. ஈரக் கையைக் கம்பளியில் துடைத்துவிட்டு அந்தப் பிள்ளையின் தலைமேல் வைத்தேன். நெற்றியில் விபூதி இருந்தது. நான் துடைக்கவில்லை.

கோயில் வாசலில் உபதேசியார் நின்றிருந்தார். "என் பேரையும் சேத்துக்கங்க" என்றேன். அவர் கம்பளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மனசு சரியாயிருச்சாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்லீங்க. வேணும்னு இருக்கு" என்றேன்.

அவர் தலையை அசைத்து வழிவிட்டார். நீங்கள் உட்காருகிற இடத்தில், அதே பாயின் ஓரத்தில் போய் உட்கார்ந்தேன். முறை வந்தபோது எழுந்து போனேன். போதகர் அப்பத்தோடு எனக்கு முன்னால் வந்தார். யாரும் கிட்ட வந்த மாதிரி இல்லை மதினி, உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். கையை நீட்டினேன், வாங்கிக்கொண்டேன்.

எஸ்தர்